எழுத்து வராத ஏழெட்டு நிமிஷம்

ஓபரா என்றால் என்னவென்று தெரியாதவர்கள் மேல் அவளுக்குக் கோபமே கிடையாது. தெரியாதது ஒரு குற்றமா? தெரியாதவர்களுக்குத் தெரியவைக்கிறேன் பேர்வழி என்று வரிந்துகட்டிக்கொண்டு கிளம்புகிறார்களே, அவர்களை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வரும். அதிலும் ஓபரா அரங்கத்தின் அந்த விளம்பர மேனேஜரை நினைத்தால் சாப்பிட்ட சோறு செரிக்காது.

நல்ல பையன்தான். முப்பது வயசிருக்கும். எப்போதும் சிரித்த முகம், இஸ்திரி கலையாத சட்டை. என்ன கேட்டாலும் "ஆரம்பத்துலேர்ந்து வருவோம் மேடம்" என்றுதான் பேச்சைத் தொடங்குவான். அரங்கத்தில் வேலை பார்க்கிறவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து அவனுக்கு 'ஆரம்பம்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். அவன் ஆரம்பித்ததை எல்லோரும் கண்டிருக்கிறார்கள், முடித்ததைக் கண்டவர்கள் இல்லை.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வாழ்நாளில் ஓபரா பார்க்காதவர்களுக்கென்று தனிக்காட்சி வைக்கலாம் என்பது அவனுடைய யோசனை. காட்சிக்கு முன்னால் அவனே மேடையேறி விளக்கம் சொல்வான். கதையை முழுக்கப் பாட்டாகவே பாடி நடிப்பார்கள், மைக் கிடையாது, பாடுவது வேற்று மொழி, பயப்பட வேண்டாம், மேலே போர்டில் அர்த்தம் வரும் என்பான். பயப்பட வேண்டாம் என்று அவன் சொல்கிற தொனியைக் கேட்டாலே பயம் வந்துவிடும்.

அந்தப் போர்டுதான் அவளுடைய வேலை. மேடைக்கு மேலே நீளமாக ஒரு கறுப்புப் பலகை தொங்கும். பாடுகிறவர் ஒரு வரி பாடினால் அதன் அர்த்தம் அதில் வெள்ளை எழுத்தில் வரும். அது தானாக வருகிறது என்றுதான் ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. தானாக என்ன வரும், தும்மல் வரும். பால்கனிக்குப் பின்னால் கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு பொந்தில், இசைக்குறிப்புப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள். பாடகர் மூச்சை உள்ளே இழுக்கிற அந்தக் கணத்தில் பட்டனை அழுத்த வேண்டும். கொஞ்சம் முந்தினால் மேடையில் வேடிக்கைப் பேச்சு வருவதற்குள் ஜனங்கள் படித்துவிட்டுச் சிரித்துவிடுவார்கள், பாடகர் முகம் சுண்டிப்போய்விடும். பிந்தினால் அழுகிற இடத்தில் சிரிப்பார்கள். வரிகளை மொழிபெயர்ப்பவளும் அவளேதான், அழுத்துபவளும் அவளேதான். பதினைந்து வருஷமாக இதைச் செய்கிறவளுக்கு அரங்கத்தில் கிடைத்த பட்டம் 'பட்டன் அக்கா'. வீட்டில் அதுவும் இல்லை. "பட்டன் அமுக்கற வேலைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்பார் வீட்டுக்காரர்.

அவளுடைய தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஓபராவில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவார்கள். முதல் தடவை பாடும்போது போர்டில் போட வேண்டும். அதற்கப்புறம் அதே வரிதான் என்றால் போர்டைக் காலியாக விட்டுவிட வேண்டும். படித்தாகிவிட்டதே, இனி நிமிர்ந்து பார்க்க என்ன வேலை? மேடையில் ஒருத்தி உயிரைக் கொடுத்துப் பாடிக்கொண்டிருக்கிறாள், அவள் முகத்தைப் பார். இதுதான் அந்தக் காலி இடத்தின் அர்த்தம்.

புதிதாக வருகிறவர்களுக்கு இது எங்கே தெரியும்? போன மாதக் காட்சியில் போர்டு காலியானதுமே பத்துப் பேர் பின்னால் திரும்பி அவள் ஜன்னலை முறைத்தார்கள். ஒரு பெரியவர் வெளியே போய், மெஷின் கெட்டுப்போச்சு, பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடு என்று சண்டை போட்டாராம்.

மறுநாளே ஆரம்பம் வந்து நின்றான். "மேடம், போர்டு காலியா இருந்தா ஜனங்க பதறிடறாங்க. அதே வரியை மறுபடி மறுபடி போட்டுடுங்களேன்."

"எதுக்கு? ஒரு தடவை படிச்சது மறந்துபோயிடுமா?"

"இல்ல மேடம், சும்மா ஒரு ஆறுதலுக்கு."

"மேல ஒண்ணும் இல்லைன்னா கீழ பாக்கட்டும் தம்பி. பாட்டு கீழதான நடக்குது? நீங்க ஓபராவைக் காட்டக் கூட்டிட்டு வந்தீங்களா, போர்டைப் படிக்கக் கூட்டிட்டு வந்தீங்களா?"

அவன் தலையைச் சொறிந்தான். கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். அவள் போர்டைக் காலியாகவே விடுவாள். அவன் தன் விளக்கத்தில், போர்டு காலியாக இருந்தால் கெட்டுப்போகவில்லை, பாடகியைப் பாருங்கள் என்று சொல்லிவிடுவான். "மொதல் வார்த்தையே அதுதான் மேடம்" என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னான். அவளும் நம்பித் தொலைத்தாள்.

இந்த மாதக் காட்சியை நம்பி அவள் வேறொன்றையும் பணயம் வைத்திருந்தாள். அதைச் சொல்ல வேண்டும்.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். காலையில் ஏழு மணிக்குக் கிளம்பி மாலை ஐந்துக்கெல்லாம் வீடு திரும்பிவிடுவார். அவளுக்கோ வேலையே மாலையில்தான். மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போகிறவரை இது ஒரு பேச்சாகவே இருந்ததில்லை. மகள் போனதிலிருந்து அவர் வாயில் ஒரே வரிதான். "வேலையை விட்டுடு." சட்டைக்குப் பட்டன் தைத்துக் கொடுத்தால் வேலையை விட்டுடு. குழாய் ஒழுகினால் வேலையை விட்டுடு. அவருடைய அண்ணன் கடையில் கணக்குப் பார்க்க ஆள் தேடுகிறார்களாம், பகல் வேலை, போதாததற்கு அந்தத் தூது வேறு.

அவருக்கு லீவான ஒரு நாள் சமையலறையில் அவள் அவசர அவசரமாக அவருக்கு ராத்திரிச் சாப்பாட்டை எடுத்து மூடிவைத்துக்கொண்டிருந்தபோது மறுபடி ஆரம்பித்தார்.

"அங்க என்னதான் இருக்கு? கத்தறாங்க. நீ பட்டனை அமுக்கறே. அண்ணன் கடையில உக்காந்தா ஆறு மணிக்கு வீட்ல இருக்கலாம்."

அவளுக்குச் சுருக்கென்று ஏறியது. "ஒரு நாளாவது வந்து பாத்திருக்கீங்களா? பதினஞ்சு வருஷத்துல ஒரு நாள்? பாக்காமலே கத்தறாங்கன்னா எப்படி?"

"வந்து பாக்கறேன். பாத்துட்டுப் புடிக்கலைன்னா?"

"புடிக்கலைன்னா விட்டுடறேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே அவளுக்கு உறைத்தது. வாயைக் கொடுத்து வகையாக மாட்டிக்கொண்டாகிவிட்டது. அவர் குடித்துக்கொண்டிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பேச்சு மாறக் கூடாது" என்றார். மாறமாட்டேன் என்று அவளும் வீம்புக்குச் சொல்லித் தொலைத்தாள். உண்மையில் அவளுக்கு உள்ளூர ஒரு தைரியம் இருந்தது. அந்த மாதக் கதை அப்படி.

கதை சின்னதுதான். ஒரு மில் முதலாளி, அவன் பெண்டாட்டி. அவனுக்கு மில்லைத் தவிர உலகத்தில் எதுவும் கண்ணில் படாது. மூன்றாவது அங்கத்தில் அவள் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல்கதவில் நின்று பாடுவாள். "நான் போகிறேன்." அந்த ஒரே வரி, ஏழெட்டு நிமிஷம். முதலில் கோபத்தில் சொல்வாள். அப்புறம் சொல்லிவிட்டோமே என்ற பயத்தில். அப்புறம் அவன் ஏதாவது சொல்ல மாட்டானா என்ற நப்பாசையில். கடைசியில் குரல் நூலாக இளைத்துப்போய், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. வார்த்தை மாறவே மாறாது, ஆனால் ஒவ்வொரு தடவையும் சொல்வது வேறு. அதன் பிறகு கொஞ்ச நேரம் நிசப்தம். அப்புறம் அந்த மடையன் வாயைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை பாடுவான். "இரு." அவள் பெட்டியைக் கீழே வைப்பாள். அவ்வளவுதான் கதை.

இதைப் பார்த்துவிட்டு ஒரு மனுஷன் புடிக்கலை என்று சொல்லிவிட முடியுமா? கல்லாக இருந்தாலும் கரைந்துவிடுவார் என்று நம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் கல்யாணத்துக்குப் போகிறவர்போல் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பையில் வழக்கமான சின்ன ஸ்க்ரூடிரைவர், பேனாவுக்குப் பக்கத்தில். "அதை இங்கே எதுக்குங்க?" என்றதற்கு, "அது இல்லாம வெளிய போனா என்னமோ மாதிரி இருக்கு" என்றார். இருபத்தைந்து வருஷப் பழக்கம். நின்றுபோன லிஃப்டைப் பார்த்தால் எல்லோரும் திட்டுவார்கள், அவர் மட்டும் மூடியைக் கழற்ற ஆரம்பித்துவிடுவார்.

இருட்டில் டார்ச் அடித்து இருக்கை காட்டும் அம்மாவிடம் அவரை ஒப்படைத்தாள். அந்த அம்மாவும் அவளும் வேலைக்குச் சேர்ந்தது ஒரே வருஷம். "நம்ம வீட்டுக்காரர். நல்ல இடமாப் பாத்து உக்காரவை" என்றாள். நடுவரிசையில் ஓர இருக்கை. மேலே தன் பொந்துக்குப் போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்தால் அவருடைய வழுக்கை பளிச்சென்று தெரிந்தது.

ஆரம்பம் மேடையேறினான்.

"எல்லாருக்கும் வணக்கம்! ஓபரான்னா என்ன? ஆரம்பத்துலேர்ந்து வருவோம்!"

வந்தான். நானூறு வருஷத்துக்கு முன்னாலிருந்து வந்தான். அரண்மனைகளில் எப்படித் தொடங்கியது, மெழுகுவத்தி வெளிச்சத்தில் எப்படி நடத்தினார்கள், எந்த ராஜா எந்தப் பாடகிக்கு என்ன கொடுத்தான், எல்லாம் சொன்னான். எப்போது கைதட்டலாம், எப்போது தட்டக் கூடாது, இருமல் வந்தால் என்ன செய்வது, இதற்கெல்லாம் தனித்தனியாக நேரம் எடுத்துக்கொண்டான். ஜனங்கள் பாவம், பரீட்சைக்கு வந்த பிள்ளைகள்போல் விறைத்து உட்கார்ந்திருந்தார்கள். அவள் மேலே கண்ணாடிக்குப் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். போர்டைச் சொல்லுடா. போர்டைச் சொல்லு.

"அப்புறம் முக்கியமா ஒண்ணு..." என்று அவன் கையைத் தூக்கி மேலே காட்டினான். அவள் அப்பாடா என்று நிமிர்ந்தாள். "மேல பாருங்க, இந்தக் கூரையில இருக்கற ஓவியம்..."

மேடைக்கு முன்னால் இருக்கிற பள்ளத்தில் இசைக்குழுவை நடத்துகிறவர் வந்து நின்று தொண்டையைச் செருமினார். அவருக்கு யாருக்காகவும் காத்திருக்கும் பழக்கம் கிடையாது. விளக்குகள் மங்கின. ஆரம்பம் சிரித்துக்கொண்டே கும்பிட்டுவிட்டு ஓரமாக ஓடினான். முதல் வார்த்தையே அதுதான் என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னவன், கடைசி வார்த்தையாகக்கூட அதைச் சொல்லவில்லை. அவளுக்கு அந்த மைக்கைப் பிடுங்கி அவன் தலையில் ஒன்று போடலாம்போல் இருந்தது.

ஆனாலும் முதல் இரண்டு அங்கங்கள் நன்றாகவே போயின. மில் முதலாளி தன் பெண்டாட்டியின் பிறந்தநாளை மறந்துவிட்டு மில்லின் பிறந்தநாளைக் கொண்டாடும் இடத்தில் அரங்கமே சிரித்தது. வீட்டுக்காரரும் சிரித்தார். தோள் குலுங்கியதை அவள் கண்ணால் பார்த்தாள். ஓர் இடத்தில் இருக்கையின் நுனிக்கு வந்து, முழங்காலில் கைகளை ஊன்றி, மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் கல்யாண வீட்டிலும், எந்த சினிமாவிலும் அவர் அப்படி உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. ஜெயித்துவிடுவோம்போலிருக்கே என்று முதன்முறையாக அவளுக்குத் தோன்றியது.

இடைவேளையில் அவரிடம் ஓடிப் போயிருக்க வேண்டும். போர்டு காலியாகும், அப்போது மேலே பார்க்காதீர்கள் என்று காதில் ஒரு வார்த்தை போட்டிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். ஆனால் அவளுக்கு அப்போது ஆத்திரம் கண்ணை மறைத்தது. நேராக ஆரம்பத்தைத் தேடித்தான் போனாள்.

"தம்பி, சொன்னீங்களா? போர்டைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"ஐயய்யோ மேடம்! நேரமே கொடுக்கலையே!"

"நானூறு வருஷத்துக்கு நேரம் இருந்துச்சு, நாலு வார்த்தைக்கு நேரமில்லையா? மூணாவது அங்கத்துல ஏழெட்டு நிமிஷம் போர்டு காலி. இப்பவே போய்ச் சொல்லுங்க."

"இப்பவே, இப்பவே மேடம். மணி அடிச்சதும் ஏறிடறேன். ரெண்டே வரி."

அவனை நம்ப முடியாமல் மேடை ஓரம் வரைக்கும் கூடவே போய் நின்றாள். மணி அடித்தது. அவன் ஏறினான். அவள் படிக்கட்டில் மேலே ஓட வேண்டியிருந்தது, மூன்றாவது அங்கம் தொடங்கினால் அவள் விரல் பட்டனில் இருந்தாக வேண்டும். மூச்சு வாங்கப் பொந்துக்குள் நுழைந்து உட்கார்ந்தபோது மைக்கில் அவன் குரல் கேட்டது. "...அதிர்ஷ்டசாலி இருக்கை! யாரோட இருக்கைக்குக் கீழ நட்சத்திரம் ஒட்டியிருக்கோ அவங்களுக்கு அடுத்த காட்சி இலவசம்!" ஜனங்களெல்லாம் குனிந்து இருக்கைக்குக் கீழே தடவிக்கொண்டிருந்தார்கள். அவரும்தான். விளக்கு அணைந்தது.

அவள் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள்.

மூன்றாவது அங்கம். பாடகி பெட்டியோடு கதவருகே வந்து நின்றாள். மூச்சை இழுத்தாள். பட்டன் விழுந்தது.

*நான் போகிறேன்.*

கணக்காக விழுந்தது. அவள் ஒரு மூச்சு விட்டுவிட்டுப் போர்டைக் காலியாக்கினாள். அடுத்த வார்த்தை 'இரு'. அது தயாராக நின்றது, இன்னும் ஏழெட்டு நிமிஷம் கழித்து அழுத்த வேண்டியது. விரலைப் பட்டனுக்கு மேலேயே வைத்துக்கொண்டு இசைக்குறிப்பைத் தொடர்ந்துகொண்டிருந்தாள். முதல் நிமிஷம் யாரும் அசையவில்லை. எங்கேயோ ஒரு இருக்கை முனகியது. பாடகி கோபத்திலிருந்து பயத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தாள், என்ன குரல் அது, ஆனால் கீழே தலைகள் மேலே போக ஆரம்பித்துவிட்டன. ஒவ்வொன்றாக. போர்டு, கறுப்பு. மறுபடி போர்டு, கறுப்பு. பக்கத்தில் இருப்பவரோடு குசுகுசு. பிறகு தலைகள் பின்னால் திரும்பின.

"என்னாச்சு?"

"போர்டு போச்சு."

"மெஷின்காரங்க தூங்கறாங்களா?"

பால்கனியில் எவனோ ஒரு விசில் அடித்தான். வேறு இரண்டு பேர் கைதட்டினார்கள், படம் பாதியில் நின்றால் தட்டுகிற மாதிரி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள், "கீழ பாருங்கய்யா, கீழ பாருங்க, அங்கதான் நடக்குது" என்று வாய்விட்டே புலம்பினாள். யாருக்குக் கேட்கும்? பாடகி அசரவில்லை. நப்பாசைக்கு வந்துவிட்டாள். அந்த இடத்தில் இசைக்குழுவும் அடங்கி அவள் குரல் மட்டும்தான் நிற்கும்.

அவர் மட்டும் பார்த்தால் போதும். அவர் ஒருத்தர் பார்த்தால் போதும் என்று நடுவரிசையைத் தேடினாள்.

இருக்கை காலி.

அவளுக்கு நெஞ்சில் ஏதோ கழன்று விழுந்ததுபோல் ஆயிற்று. எழுந்து போய்விட்டார். இத்தனை பேர் விசிலடிக்கும் இடத்தில் உட்கார அவமானமாகப் போயிருக்கும், கிளம்பிவிட்டார். முடிந்தது கதை. அண்ணன் கடையும், பகல் வேலையும், ஆறு மணியும். கண் கலங்கி இசைக்குறிப்பின் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கண்ணைத் துடைத்துக்கொண்டு விரலைப் பட்டனிலேயே வைத்திருந்தாள், கடைசியாகச் செய்வதையாவது ஒழுங்காகச் செய்யலாம் என்று.

அப்போதுதான் பின்னால் கதவு படாரென்று திறந்தது.

"என்ன ஆச்சு? வயர் எங்க போகுது? ஃப்யூஸ் எங்க இருக்கு?"

அவர். கையில் ஸ்க்ரூடிரைவர். மூச்சிரைக்கிறது, படிகளில் ஓடி வந்திருக்கிறார். பின்னால் டார்ச் அம்மா, "நான் சொல்லச் சொல்லக் கேக்காம..." என்று தடுமாறிக்கொண்டு நிற்கிறாள். இவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது, திரும்பினாள். விரல் பட்டனில் இருந்தது. அழுந்திவிட்டது.

*இரு.*

போர்டில் வெள்ளையாக, பெரிசாக. மேடையில் பாடகி குரலை நூலாக்கித் தனக்குத்தானே பாடிக்கொண்டிருந்த இடம். முழு ஓபராவிலேயே மெல்லிய இடம்.

ஜனங்கள் கைதட்டினார்கள்.

சாதாரணக் கைதட்டல் இல்லை. இடி இடித்த மாதிரி. போர்டு வந்துவிட்டதே! ஒருவன் "சபாஷ்!" என்றே கத்தினான். முன்வரிசைகளும் சேர்ந்துகொண்டன. பாடகியின் உதடு அசைவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. பதறிப்போய் அவள் போர்டை அணைத்தாள். "ச்ச்ச்" என்று அரங்கம் முழுக்க உச்சுக் கொட்டியது. கடைசியில் அந்த மில் முதலாளி வாயைத் திறந்து 'இரு' என்று பாடினான், அவள் மறுபடி அழுத்தினாள். "இதைத்தான் அப்பவே போட்டாங்களே" என்று யாரோ சொல்ல நாலு பேர் சிரித்தார்கள். பாடகி பெட்டியைக் கீழே வைத்தாள். திரை விழுந்தது.

"அப்ப கெடலையா?" என்றார் அவர், போர்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து.

அவள் இசைக்குறிப்புப் புத்தகத்தை மூடினாள். பதில் சொல்ல ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்று அவளுக்கே தெரியவில்லை.

வெளியே வரும்போது நடைபாதையில் ஆரம்பம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தான். முகமெல்லாம் பல். "மேடம்! கேட்டீங்களா? மூணாவது அங்கத்துல கைதட்டல்! நடுப்பாட்டுல! பழைய ரசிகருங்ககூட இப்படித் தட்டினதில்ல!"

"அது போர்டுக்குத் தட்டினது தம்பி."

"கைதட்டல் கைதட்டல்தானே மேடம். அடுத்த மாசமும் அப்படியே பண்ணிடுவோம். கொஞ்ச நேரம் அணைச்சு வெச்சுட்டு, திடீர்னு..."

அவள் அவனைத் தாண்டி நடந்தாள். நின்றிருந்தால் ஏதாவது செய்திருப்பாள்.

தெருவில் இன்னும் வெயில் இருந்தது. இரண்டு பேரும் பேருந்து நிறுத்தம் வரைக்கும் நடந்தார்கள். நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. அவர் ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கேட்காமல் இருந்திருக்கலாம், இருந்தாலும் அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எப்படி இருந்துச்சு?"

"உண்மையைச் சொல்லவா?"

"சொல்லுங்க."

"புடிக்கலை." அவர் யோசித்துவிட்டுத்தான் சொன்னார். "மொதல்ல சிரிப்பா இருந்துச்சு. அப்புறம் அந்தப் பொண்ணு போறேன் போறேன்னு சொல்லிட்டுக் கதவுலயே நிக்குது. போறதுன்னா போக வேண்டியதுதானே?"

"நீங்க பாக்கவே இல்லையே!" அவளுடைய குரல் தெருக்கோடிவரை போனது. "அந்த ஏழெட்டு நிமிஷத்துக்காகத்தான் உங்களைக் கூப்பிட்டேன். அதுல நீங்க படிக்கட்டுல ஓடிட்டிருந்தீங்க! அந்த நேரம் பாத்துதான் எழுந்திரிக்கணுமா?"

"பின்ன? எல்லாரும் திரும்பி உன் ரூமைப் பாத்துக் கத்தறாங்க. ஒருத்தன் விசிலடிக்கறான். மெஷின்காரங்க தூங்கறாங்களான்னு கேக்கறான் இன்னொருத்தன். நீ உள்ள தனியா மாட்டிக்கிட்டு முழிக்கறேன்னு நினைச்சேன். நான் என்ன, கையைக் கட்டிக்கிட்டு உக்காந்து பாட்டு கேக்கவா?"

திட்டலாம் என்றால் திட்ட முடியவில்லை. திட்டாமலும் இருக்க முடியவில்லை. இத்தனை வருஷம் பட்டன் அமுக்கற வேலை என்று கேலி பேசின மனுஷன், அவள் வேலையை நாலு பேர் குறை சொன்னதும் ஸ்க்ரூடிரைவரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். ஓடி வந்து அதைக் குட்டிச்சுவராக்கியும் விட்டார். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தது.

"சரி," என்றார் அவர். "பேச்சு மாறக் கூடாதுன்னு சொன்னோம்ல. வேலையை விட்டுடு."

அவளிடம் பதில் தயாராக இருந்தது. ஒன்றல்ல, ஒரு கூடை. உங்க அண்ணன் கடையில நீங்க போய் உக்காருங்க என்பதிலிருந்து தொடங்கி எல்லாம் வரிசையாக நின்றது. எப்போதும் அவர் முதல் எழுத்தை எடுத்ததுமே அவள் பொரிந்து தள்ளிவிடுவாள், அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அதோடு முடியும். ஆனால் அன்றைக்கு அவளுக்குத் தெம்பே இல்லை. மத்தியானத்திலிருந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. வாயைத் திறக்காமல் அவரைப் பார்த்தபடியே நின்றாள்.

அவர் சண்டைக்குத் தயாராக நிமிர்ந்து நின்றிருந்தார். சண்டை வரவில்லை. ஒரு பேருந்து வந்து, நின்று, போனது. இரண்டு பேரும் ஏறவில்லை.

"விட்டுடுன்னு சொன்னேன்," என்றார் மறுபடி. குரலில் முன்பிருந்த மிடுக்கு இல்லை.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. கண்ணுக்குக் கீழே வீக்கம். இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு நேரம் அவரைப் பார்த்து எத்தனை நாளாகிறது என்று அவளுக்கு நினைவில்லை.

"விட்டுடேன்..." என்றார். இப்போது அது கட்டளையாகவே இல்லை. பார்வையை ரோட்டின் பக்கம் திருப்பிக்கொண்டார். "அஞ்சு மணிக்கு வந்து கதவைத் திறக்கறேன். பேச்சுச் சத்தமே இல்ல. டிவியைப் போட்டுட்டுச் சாப்பிடறேன். நீ என்ன செஞ்சு வெச்சிருக்கேன்னுகூடத் தெரியறதில்ல, பாதி நாள் சூடு பண்றதும் இல்ல. அப்படியே அள்ளிப் போட்டுக்கிட்டு, நீ வர்ற சத்தம் கேக்கற வரைக்கும் உக்காந்திருக்கேன்."

அவளுக்கு ஆத்திரமாகத்தான் வந்தது.

"இதைத்தான் இத்தனை நாளா சொல்லிட்டிருந்தீங்களா?"

"இதைத்தானே சொல்லிட்டிருந்தேன்."

"இல்ல! வேலையை விடு, வேலையை விடுன்னுதான் சொன்னீங்க! ஒரு நாளாவது இப்படிச் சொல்லியிருக்கீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார், நிஜமாகவே புரியாமல்.

"ஒண்ணு இல்லைங்க. ஒண்ணே இல்ல." கண்ணீர் வழிந்தது, அவள் துடைக்கவில்லை. "நான் வேலையை விடமாட்டேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா தினமும் அதையே சொல்லிட்டிருந்தீங்க?"

அவர் பையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியலை," என்றார்.